கடைசியாக வைத்த கதவு

எங்கள் அண்ணன் கல்லிடைக்குறிச்சியில் பிறந்தார். பாளையங்கோட்டையில், என் வீட்டில் கண்மூடினார். பத்தொன்பது வயதில் அப்பாவை இழந்தபோது, அப்பா வாடகைக்கு ஓட்டிய அம்பாசிடர் காரும் குடும்பமும் ஒன்றாக அவர் கைக்கு வந்தன. திசையன்விளைக்கும் மணிமுத்தாற்றுக்கும் சவாரி ஏற்றியே என்னைக் கல்லூரியில் படிக்க வைத்தார். சவாரி இல்லாத காலைகளில் தாமே கொண்டுபோய் விடுவார். பின்னிருக்கையில், இடப்பக்கக் கதவில் முழங்கை ஊன்றித்தான் நான் தேர்வுகளுக்குப் படித்தேன். அவர் மணம் செய்துகொள்ளவில்லை. அது குறித்துப் பேசவும் யாரையும் விட்டதில்லை.

சிறுநீரகம் பழுதான பின் மூன்று ஆண்டுகள் என்னுடன் இருந்தார். வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். மற்ற நாட்களில், ஷெட்டில் கிடந்த காரின் உட்புறத்தைப் புதுப்பிக்க உட்கார்ந்துவிட்டார். ஈரத்தில் உப்பிய, கதவுகளின் உள்பக்க அட்டைகளைக் கழற்றி, அதே அளவில் புதிய அட்டை வெட்டுவார். பழைய ரெக்சினைக் கிழியாமல் உரித்து, சோப்பு நுரையால் துடைத்து, மறுபடி அதையே ஒட்டுவார். டயாலிசிஸ் ஊசி ஏற்றும் இடக்கைக்குப் பாரம் ஆகாது. அந்தக் கையின் வேலை என்னுடையது. சுருக்கம் விழாமல் நான் இழுத்துப் பிடிக்க, அவர் ஒட்டினார். ஒவ்வொரு கதவின் கிளிப்புகளையும் தனி டப்பாவில் போட்டு, அங்கே உட்கார்ந்தவர் பெயரை எழுதி வைத்தார்: அப்பா, அம்மா, சவாரி, தங்கச்சி.

முதல் கதவின் பழைய அட்டையைக் கவிழ்த்துவைத்து அளவெடுத்ததில், கைப்பிடித் துளை இடம் மாறிவிட்டது.

“அப்பா கதவுதானட்டி. அவியளால இப்ப ஏச முடியாது” என்று சொல்லி, வேறு அட்டை எடுத்தார்.

நான் களைத்துப்போனேன் என்பதை இங்கே மறைக்க விரும்பவில்லை. மூன்று கதவுகள் முடிய ஓராண்டுக்கு மேலாயிற்று. நான்காவதை, என் கதவை, அவர் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். மறந்துவிட்டார் என்று எண்ணினேன். எப்படியாவது முடிந்தால் போதும் என்றும் எண்ணினேன். அவர் டயாலிசிஸுக்குப் போயிருந்த ஒரு நாள், சீட்டு தைக்கும் மேலப்பாளையம் பாயை வரவழைத்து, அந்தக் கதவுக்குப் புது ரெக்சின் போடச் சொன்னேன். பாய் தயங்கித்தான் செய்தார். பழையதை எறிய வேண்டாமென்று சுருட்டி வைத்துவிட்டுப் போனார்.

அண்ணன் திரும்பி வந்து, புது ரெக்சினைத் தடவிப் பார்த்தார்.

“பாய் வேல சுத்தமா இருக்கு” என்றார். சாப்பிட்டு முடித்த பிறகே மீதியைச் சொன்னார்.

“மத்த மூணுலயும் கை பழகட்டும்னுதாம்ட்டி ஒன் கதவ கடைசியா வச்சிருந்தேன்.”

நாளைக்கே பிரித்துவிடலாம் என்றேன். பைய செய்யலாம் என்றார். அதன்பின் ஷெட்டு வரை நடக்க அவருக்கு உடல் இடங்கொடுக்கவில்லை. ஐந்தாம் வாரம் எங்களை விட்டுப் பிரிந்தார்.

அண்ணனை முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட டயாலிசிஸ் பிரிவுச் செவிலியர்களுக்கும், அழைத்தபோதெல்லாம் ஆட்டோவுடன் வந்து நின்ற எதிர்வீட்டுத் தம்பிக்கும், மேலப்பாளையம் பாய்க்கும், இறுதி நாளில் தோள் கொடுத்த உறவினர்களுக்கும் நாங்கள் கடமைப்பட்டுள்ளோம்.

பாய் போட்டதைப் பிரித்துவிட்டு, பழைய ரெக்சினை நானே ஒட்டியிருக்கிறேன். இழுத்துப் பிடிக்க இன்னொருவர் இல்லாததால் ஓரத்தில் ஒரு சுருக்கம் விழுந்துவிட்டது. ஆண்டு நினைவு நாளன்று ஆற்றுப் படித்துறைக்கு அந்தக் காரில்தான் செல்கிறோம். பின்னால் இடப்பக்கம் ஏறுகிறவர்கள் கதவைப் பையச் சாத்துங்கள். என் கை இன்னும் பழகவில்லை.