அம்மா கேட்டு வாங்கிய அறை

எங்கள் அம்மா மறைந்து ஓராண்டு நிறைகிறது. அவர்களோடு பழகிய உங்களில் பலரும் அறியாத ஒன்றை, மகள் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

அம்மா பிறந்தது அச்சன்புதூரில், நெல் விளைவித்த குடும்பத்தில். தென்காசிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தார்கள். ஐம்பதுகளின் நடுவில், எனக்கு இரண்டு வயது இருக்கும்போது, ஆனிச் சாரலில் ஐந்தருவிக்குக் குளிக்கப் போன அப்பா பாறையில் வழுக்கி விழுந்து இறந்துபோனார்கள். வெள்ளைக்காரர் காலத்தில் கட்டிய ஆஸ்பத்திரிக்கு உடலைக் கொண்டுவந்தார்கள். “பொம்பள பாக்கக்கூடாது” என்று உறவுக்காரப் பெரியவர்கள் அம்மாவைப் பிணவறை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

ஊர்ப் பேச்சைப் பொருட்படுத்தாமல் மாமா அம்மாவை டைப்ரைட்டிங் படிக்கவைத்தார்கள். அரசு அலுவலகத்தில் தட்டச்சர் வேலை கிடைத்தது. சில ஆண்டுகளில் ஆஸ்பத்திரி புதுக் கட்டடத்துக்குப் போக, அம்மாவின் அலுவலகம் அந்தப் பழைய கட்டடத்துக்கு வந்தது. நல்ல அறைகளை மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். பின்பக்கத்துப் பிணவறை மட்டும் மிஞ்சியது. உட்கார இடம் இல்லையென்றால் தட்டச்சர் வேலையே சிவகிரிக்கு மாறிவிடும் என்றார்கள். அப்போதுதான் என்னைப் பள்ளியில் சேர்த்திருந்தார்கள்.

அம்மா நேராகத் தலைமை எழுத்தரிடம் போனார்கள்.

“அந்த ரூம எனக்குத் தாங்க, அண்ணாச்சி.”

“ஏம்மா, பொணம் கெடந்த எடம்லா அது! ஆம்பளையளே பயப்படுதானுவ.”

“எங்க வீட்டுக்காரரும் அங்கனதான் கெடந்தாக. அன்னைக்கி என்னய உள்ள விடல. இன்னைக்கி நான் போகுதேன்.”

அவர் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

முதல் நாளைப் பற்றி அம்மா என்னிடம் ஒருமுறைதான் சொன்னார்கள்: “கதவச் சாத்திக்கிட்டு அழுது தீத்தேன். பெறகு தெறந்து வச்சுட்டு வேலையப் பாத்தேன்.”

அடைத்துக் கிடந்த ஜன்னலைப் பியூன் அண்ணாச்சி திறந்து கொடுத்தார். கல் பாவிய தரை. அலுவலகத்திலேயே குளிர்ச்சியான அறை அதுதான் என்பது சித்திரை வெயிலில் எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று. தலைமை எழுத்தரே நாற்காலியோடு வந்து நின்றாராம். “இங்கன எனக்கும் மிஷினுக்கும்தான் எடம், அண்ணாச்சி” என்று அம்மா சிரித்தார்களாம்.

அறுபதுகள் முழுக்க அங்கேதான் வேலை பார்த்தார்கள். என்னைப் படிக்கவைத்து ஆசிரியையாக்கினார்கள். கடைசி மூன்று மாதம் படுக்கையில் இருந்தபோதும், என் மாணவிகளின் வேலை விண்ணப்பங்களை வாங்கிப் பிழை திருத்திக் கொடுத்தார்கள்.

வீடு தேடி வந்து வைத்தியம் பார்த்த டாக்டருக்கும், துக்கத்தின் மூன்று நாளும் சோறு பொங்கித் தந்த தெருக்காரர்களுக்கும், கொட்டும் மழையில் தோள்கொடுத்த அலுவலக நண்பர்களுக்கும், மாமா வீட்டாருக்கும் எங்கள் நன்றி. ஒவ்வொருவர் வீட்டுக்கும் நேரில் வந்து சொல்லியிருக்க வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா நிறைவாக வாழ்ந்தார்கள். நானும் பிள்ளைகளும் நன்றாக இருக்கிறோம்.