வெளியேற முயற்சி

முப்பத்திரண்டு வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர் அவர். டிக்கெட்டைப் பார்க்கும் முன் முகத்தைப் பார்ப்பார். தூங்குவதுபோல் நடிப்பவனின் இமையும், ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமில்லாத இடத்தை உற்றுப் பார்ப்பவனின் கழுத்தும் அவரிடம் தப்பாது. கூட வேலை பார்த்த நாங்கள் அவருக்கு வைத்த பெயர் பூதக்கண்ணாடி. அது அவருக்கும் தெரியும். கோபப்பட்டதில்லை. யார் முதலில் வைத்தது என்று மட்டும் ஓய்வு பெறும் நாள்வரை விசாரித்துக்கொண்டிருந்தார்.

அவர் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஓய்வு பெற்ற பிறகும் அக்கம்பக்கத்தில் சிஸ்டர் என்றே கூப்பிட்டார்கள். இரண்டு பேருக்கும் ஷிஃப்ட் வேலை என்பதால் பாதி ஆயுள் ஒருவர் வர ஒருவர் போக என்று கழிந்தது. ஒருவழியாக இருவரும் வீட்டோடு இருக்க ஆரம்பித்த மூன்றாம் வருடம் சிஸ்டருக்கு மறதி நோய் வந்தது. முதலில் அடுப்பை அணைக்க மறந்தார். பிறகு மகளின் பெயர் நழுவியது. எதிரில் உட்கார்ந்திருப்பவர் தன் கணவர் என்பதும் சில நாள் நினைவிருக்கும், சில நாள் இருக்காது.

வெளியூரில் இருந்த ஒரே மகள் ஒரு கம்பெனியைப் பிடித்து, வீடு முழுக்க சென்சார் வைக்க ஏற்பாடு செய்தாள். வாசற்கதவு, ஃப்ரிட்ஜ், குளியலறை என்று எங்கு பார்த்தாலும் தீப்பெட்டி அளவில் வெள்ளைப் பெட்டிகள். கட்டில்களில் மெத்தைக்கு அடியில், ஆள் படுத்திருப்பதைக் கண்டுபிடிக்க ஒரு விரிப்பு. சிஸ்டரின் மணிக்கட்டில் ஒரு பட்டை. மாட்ட வந்த டெக்னீஷியன் பெண்ணை பூதக்கண்ணாடி அறை அறையாகத் தொடர்ந்தார்.

"இதுல கேமரா இருக்கா?"

"இல்ல சார்."

"மைக்கு?"

"அதுவும் இல்ல சார். யார் எங்க நடக்கறாங்க, எந்தக் கதவு திறக்குது, இவ்வளவுதான் தெரியும். மத்தத அதுவாவே புரிஞ்சுக்கும்."

அதுவாவே புரிஞ்சுக்கும் என்ற பேச்சு அவருக்குத் துளியும் பிடிக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து மகள் போன் செய்தாள்.

"அப்பா, அம்மா தினமும் வெளிய போகப் பாக்கறாங்களாமே? ஏன் என்கிட்ட சொல்லல?"

"யார் சொன்னா?"

"ரிப்போர்ட் வந்திருக்குப்பா. மத்தியானம் ரெண்டு மணிக்கு வாசல்கிட்ட பத்து நிமிஷம், பன்னெண்டு நிமிஷம் நிக்கறாங்க. 'வெளியேற முயற்சி'ன்னு போட்டிருக்கு. இதுவரைக்கும் பதினேழு தடவ."

"கதவு திறந்துச்சா?"

"இல்ல."

"திறக்காத கதவு வழியா எப்படிம்மா வெளிய போவா? சரி, கடைசில என்ன எழுதியிருக்கு? முழுசாப் படி."

மகள் தயங்கினாள். "இருபது ஆயிட்டா, பராமரிப்பு இல்லம் நல்லதுன்னு…"

பூதக்கண்ணாடிக்கு உள்ளுக்குள் மணி அடித்தது. இன்னும் மூன்றே தடவை. கம்பெனிக்கும் இல்லத்துக்கும் ஏதோ தொடுப்பு இருக்கிறது, மகளையும் மாப்பிள்ளையையும் பேசி மயக்கிவிட்டார்கள் என்று கணக்குப் போட்டார். சிக்கல் என்னவென்றால், இரண்டு மணி அவர் சாப்பிட்டுவிட்டு நன்றாகத் தூங்குகிற நேரம். சிஸ்டர் என்ன செய்கிறார் என்பது அவருக்கே தெரியாது.

முதலில் மெஷினைச் சோதித்தார். மறுநாள் ஒரு சூட்கேஸில் பழைய ரயில் அட்டவணைகளை அடுக்கித் தன் கட்டிலில் படுக்கவைத்துவிட்டு, வெளியே காய்கறி வாங்கப் போனார். சாயங்காலம் மகளைக் கூப்பிட்டு, "நான் மத்தியானம் என்ன பண்ணேன்?" என்று கேட்டார்.

"ஒன்றரை மணி நேரம் நல்லாத் தூங்கியிருக்கீங்கப்பா."

"தூங்கினது என் சூட்கேஸ்!"

மகள் சிரிக்கவில்லை. "அந்த நேரத்துல அம்மாவத் தனியா விட்டுட்டுப் போனீங்களா?" என்றாள்.

அவர் கம்பெனியில் புகார் கொடுத்ததில் அதே டெக்னீஷியன் வந்தாள். மத்தியானம் ஒன்றரை மணி. சமையலறையில் மேஜையருகே உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்து காட்டினாள்.

"ஒரு அகராதி மாதிரி சார் இது. அகராதில அர்த்தம் இருக்கும், இதுல உறவு இருக்கும். வாசல்னா வெளிய போற வழி. அம்மா மறதி உள்ளவங்க. மறதி உள்ளவங்க வெளிய போற வழிகிட்ட அஞ்சு நிமிஷத்துக்கு மேல நின்னா, அது வெளியேற முயற்சி. இந்த உறவெல்லாம் நெட்ல பொதுவா இருக்கும். எந்த வீட்டு மெஷினும் எடுத்துக்கலாம். செமான்டிக் வெப்னு சொல்வாங்க."

"யார் எழுதினது?"

"நிறைய பேர் சேர்ந்து, சார்."

"நிறைய பேர்னா ஒருத்தரும் பொறுப்பில்லன்னு அர்த்தம். அவங்கள்ல யாராவது எங்க வீட்டு வாசலப் பாத்திருக்காங்களா?"

அவள் வாய் திறப்பதற்குள் ஹாலில் செருப்புச் சத்தம் கேட்டது. பூதக்கண்ணாடி கையைக் காட்டி அவளை அடக்கினார். இருவரும் கதவிடுக்கில் பார்த்தார்கள்.

சிஸ்டர் தலையை வாரி, புடவையைச் சரிசெய்துகொண்டு வந்தார். மடித்த செய்தித்தாள் ஒன்று கையில் இருந்தது. சாத்திய வாசற்கதவைப் பார்த்து நின்று தாழ்ந்த குரலில் பேச ஆரம்பித்தார்.

"ஒண்ணாம் பெட்டுக்குக் காய்ச்சல் இறங்கிடுச்சு. தண்ணி நிறைய கொடுக்கணும். மூணாம் பெட்டுக்கு நாளைக்குத் தையல் பிரிக்கணும். ஆறாம் பெட் பொண்ணு அழுதுட்டே இருக்கு, கொஞ்சம் பக்கத்துல உக்காருங்க." செய்தித்தாளைப் புரட்டினார். "ஜன்னல் பக்கம் ஒரு பெரியவர் இருக்காரு. உடம்புக்கு ஒண்ணுமில்ல. யாரையும் நம்ப மாட்டாரு, அவ்வளவுதான். அதட்டாதீங்க. சாப்டீங்களான்னு கேட்டா ஆமான்னுடுவாரு, தட்டப் பாத்துக்கோங்க. மத்தியானம் தூங்கினா எழுப்ப வேணாம். பாவம், அவரப் பாக்க வீட்லேந்து யாருமே வரல."

பிறகு பேச்சு நின்றது. முன்பெல்லாம் கடிகாரம் கட்டிய மணிக்கட்டில் இப்போது இருந்த பட்டையைப் பார்த்தார். "இன்னும் ஆள் வரலியே" என்றார். தாழ்ப்பாளைத் தொடவேயில்லை.

பூதக்கண்ணாடிக்குப் பழசு ஒன்று ஞாபகம் வந்தது. கல்யாணமான புதிதில் இரண்டு மணிக்கு முடிய வேண்டிய ஷிஃப்டிலிருந்து சிஸ்டர் மூன்றரைக்கு வருவார். மாற்ற ஆள் வரவில்லை, வார்டை விட்டுவிட்டு எப்படி வருவது என்பார். பூதக்கண்ணாடி நம்பவில்லை. ஒரு நாள் ஆஸ்பத்திரி எதிரில் பஸ் நிறுத்தத்தில் மறைந்து நின்று வேவு பார்த்தார். அன்றைக்கும் ஆள் வராததுதான் காரணம். இதை அவர் மனைவியிடம் சொன்னதே இல்லை. அன்று சமையலறையில் அந்தப் பெண்ணிடம் சொன்னார். பிறகு பல வருடம் கழித்து என்னிடம்.

டெக்னீஷியன்தான் முதலில் எழுந்தாள். "சாரி சிஸ்டர், லேட்டாயிடுச்சு. நான் பாத்துக்கறேன்."

சிஸ்டர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "கை கழுவினியா?" என்று கேட்டுவிட்டு, செய்தித்தாளை அவளிடம் கொடுத்தார். நாற்காலியில் போய்ச் சாய்ந்தவர் அப்படியே தூங்கிப் போனார்.

மறுநாள் பூதக்கண்ணாடியே பொறுப்பை வாங்கிக்கொள்ளப் போனார். "பெரியவரே, ஏன் எழுந்து வந்தீங்க?" என்று அதட்டி, சிஸ்டர் அவரைக் கட்டிலுக்கு அனுப்பிவிட்டார். அதற்கடுத்த நாள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, பின்கதவு வழியாக வெளியே போய், சுற்றி வந்து வாசல் மணியை அடித்தார். சிஸ்டரே கதவைத் திறந்தார். "வாங்க" என்று நிம்மதியாகச் சொல்லி, ஒன்றாம் பெட்டிலிருந்து ஆரம்பித்தார்.

ஐந்தாவது நிமிடம் மகள் போனில் கதறினாள். வாசல் திறந்ததும் மெஷின் 'வெளியேறிவிட்டார்' என்று சொல்லியிருந்தது. எண்ணிக்கை இருபதை எட்டிவிட்டது. மறுநாள் காலை முதல் ரயிலில் மகள் வந்து இறங்கினாள்.

"இல்லத்துல இடம் சொல்லி வச்சிருக்கியா? மறைக்காமச் சொல்லு."

"சொல்லி வச்சேன்பா. எனக்கு பயமா இருந்துச்சு."

சந்தேகம் சரியாக இருந்ததில் அவருக்குச் சந்தோஷம் வரவில்லை. "ரெண்டு மணி வரைக்கும் இரு" என்றார். இரண்டு மணிக்கு மகள் சமையலறையில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். பெரியவரைப் பார்க்க வீட்டிலிருந்து யாருமே வரவில்லை என்ற இடத்தில் முகத்தை மூடிக்கொண்டாள்.

டெக்னீஷியன் அந்த வீட்டின் அகராதியில் புதிதாக ஒன்று சேர்த்தாள். இரண்டு மணி, வாசல், அழைப்பு மணி, நின்றவர் வீட்டுக்குள்ளேயே திரும்பினால் 'பொறுப்பு ஒப்படைப்பு'. ஒவ்வொரு வரியையும் அவர் இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். உண்மையிலேயே சிஸ்டர் வெளியே போனால் மெஷின் சொல்லுமா என்று பார்க்க, பட்டையைத் தன் கையில் கட்டிக்கொண்டு தெருமுனைவரை நடந்தார். அது சொன்னது. இல்லத்தில் சொல்லி வைத்திருந்த இடத்தை மகள் வேண்டாம் என்றாள். அந்த இல்லத்துக்கும் கம்பெனிக்கும் தொடுப்பு உண்டா என்பது மட்டும் யாருக்கும் தெரியவில்லை. உண்டு என்றுதான் அவர் கடைசிவரை சொன்னார்.

ஒரு வருடத்துக்கும் மேல் தினமும் அவர் மணியடித்தார். பெட்டுகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. ஜன்னல் பக்கத்துப் பெரியவர் மட்டும் வெகுநாள் இருந்தார். ஒரு நாள் மணியடித்தும் கதவு திறக்கவில்லை. சாவி போட்டு உள்ளே போனபோது சிஸ்டர் கட்டிலில் உட்கார்ந்து துண்டு மடித்துக்கொண்டிருந்தார். 'ஒப்படைப்பு நடக்கவில்லை' என்று போனில் வந்திருந்தது. அதன்பிறகு சிஸ்டர் வாசலுக்கு வரவேயில்லை. நான்கு மாதத்தில் போய்விட்டார்.

பெட்டிகளைக் கழற்ற அதே டெக்னீஷியன் வந்தாள். வேலை முடித்துவிட்டு, "அம்மாவுக்காக எழுதினத பொதுவுல சேத்துட்டாங்க சார். இப்ப ஒம்பது வீட்ல அது ஓடுது" என்றாள்.

"ஒம்பதா? யார் எண்ணினா? லிஸ்ட் காட்டு."

"பேர் காட்டக் கூடாது சார்."

அவர் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அந்த வீட்ல எல்லாம், ரெண்டு மணிக்கு யாராவது வந்து பொறுப்ப வாங்கிக்கறாங்களா?"

"அது எனக்குத் தெரியாது சார்."

"விசாரி" என்றார் பூதக்கண்ணாடி. "விசாரிச்சுட்டு வந்து சொல்லு."