இரண்டுக்கும் ஒன்றுக்கும் நடுவே

மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் வந்த மறு வருஷம், காஜா பெராங் ஊரில் ஷரீஃபுதீனின் அச்சகத்தில் கமலவேணி எழுத்துக் கோக்கும் வேலையில் இருந்தாள். புருஷன் இறந்துவிட்டான். ஒரே மகள் விஜயா, பக்கத்துத் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் வகுப்பு.

அந்தப் பள்ளியின் தலைமையாசிரியர் நடராஜன் ஒரு கணக்குப் பயிற்சி நூல் எழுதிக் கொடுத்தார். அச்சகத்தில் அரை, கால் என்று ஒரே அச்சாக வரும் பின்ன எழுத்துகள் கிடையாது. இரண்டரை என்றால் 2 வைத்து, பக்கத்தில் 1/2 என்று சாய்கோட்டோடு கோக்க வேண்டும். கமலவேணி இரண்டுக்கும் ஒன்றுக்கும் நடுவே இடைவெளி விழ மெல்லிய ஈயத்துண்டு ஒன்றைச் செருகினாள்.

மாதிரி அச்சுத் தாளைச் சரிபார்க்க வந்த நடராஜன் முகம் சுளித்தார். "என்ன இது, பல்லு விழுந்த வாய் மாதிரி? ஒட்டிப் போடு."

"ஒட்டினா இருபத்தொண்ணுல பாதின்னு ஆயிரும் சார்."

"நீ எது வரைக்கும் படிச்சே?"

"ஆறாவது சார்."

அவர் ஷரீஃபுதீனைப் பார்த்துச் சிரித்தார். சிவப்பு மையால் இடைவெளிகளை எல்லாம் அடித்து, தாளின் அடியில் கையெழுத்துப் போட்டார். கமலவேணி பிற்பகல் முழுக்க உட்கார்ந்து ஈயத்துண்டுகளை ஊசியால் நெம்பி எடுத்தாள்.

நூல் ஐந்து பள்ளிகளுக்குப் போயிற்று. 21/2 + 1/2 எவ்வளவு என்ற கேள்விக்குப் பிள்ளைகள் பதினொன்று என்று எழுதினார்கள். விடைப் பக்கத்தில் மூன்று என்று இருந்தது. வாத்தியார்கள் அதைப் பார்த்தே திருத்தினார்கள், பிரம்படி விழுந்தது. விஜயாவின் உள்ளங்கையும் தடித்துப்போயிற்று. ஒரு தகப்பன் புத்தகத்தோடு கல்வி அலுவலகத்துக்குப் போன பிறகுதான் தவறு வெளியே வந்தது.

நடராஜன் அச்சகத்துக்கு வந்து, கோத்தவள்தான் கெடுத்தாள் என்று கத்திவிட்டுப் போனார்.

"அவர் கையெழுத்துப் போட்ட தாள் உங்க மேசையிலதான் இருக்கு மொதலாளி," என்றாள் கமலவேணி.

ஷரீஃபுதீன் அதை எடுத்து, அவள் கண் முன்னாலேயே நாலாகக் கிழித்தார். "அவரைப் பகைச்சா அஞ்சு ஸ்கூல் வேலையும் போயிரும்மா. போய் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுட்டு வந்துரு லா."

திங்கட்கிழமை காலை, பள்ளித் திடலில் பிள்ளைகளுக்கு முன்னால் நடராஜன் அவளை நிறுத்தினார்.

"நான் எழுதினதுல தப்பு இல்லை. கோத்தவங்களுக்குக் கணக்குத் தெரியலை. படிக்காட்டி நீங்களும் இந்தம்மா மாதிரிதான் நிப்பீங்க."

பிள்ளைகள் சிரித்தார்கள். ஐந்தாம் வகுப்பு வரிசையில் விஜயாவும் சிரித்தாள், எல்லாரையும்விடச் சத்தமாக. சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, "தப்பு என்னோடதுதான்," என்றாள் கமலவேணி.

வீட்டுக்கு வந்து மகளுக்குத் தட்டு வைத்தாள். சோறு போட்டாள். விஜயா தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்: "இனிமே என் ஸ்கூல் பக்கம் வராதம்மா."

கமலவேணி போகவில்லை. அடுத்த வருஷம் விஜயாவுக்குக் கணக்கில் முதல் பரிசு கிடைத்தது. நடராஜன்தான் கொடுத்தார். அந்த நேரத்தில் கமலவேணி அச்சகத்தில் யாருடைய கல்யாணப் பத்திரிகைக்கோ எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தாள்.