பிரேக் கரி போக என்ன வழி?

கார் கழுவும் தொழிலில் கூரையை எவ்வளவு தேய்த்தாலும் யாரும் பார்க்க மாட்டார்கள், சக்கரத்தில் ஒரு விரல் கருப்பு மிச்சமிருந்தால் மட்டும் குனிந்து பார்ப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கெட்டும் பழைய பனியனுமாகச் சக்கரத்தின் முன்னால் குத்துக்காலிட்டு உட்காரும் உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. பிரேக் பிடிக்கும்போதெல்லாம் தேய்ந்து பறக்கிற இரும்புப் பொடி அது. சூட்டோடு சூடாகப் போய் ஒட்டிக்கொள்ளும். வெறும் சோப்புக்கு மசியாது.

பத்தொன்பது வருடம் மஸ்கட்டில் ஒரு கார் கம்பெனியின் சர்வீஸ் கவுண்டரில் நின்றுவிட்டு, நாற்பத்தேழு வயதில் ஊர் திரும்பினேன். கார் கழுவும் கடை போட, கோவைக்கு முன்னால் கருமத்தம்பட்டி பக்கம் ஒரு ஷெட்டை ஒரு வருடத்துக்குப் பிடித்தேன். லாரி கழுவும் வாட்டர் சர்வீஸில் பல காலம் இருந்த மாரப்பன், என் பேச்சை நம்பி அந்த வேலையை விட்டுவிட்டு என்னோடு சேர்ந்தார். அவரும் என் வயதுக்காரர்தான். பதினோரு கால் டாக்ஸி வைத்திருக்கும் சரோஜா அக்கா, "ரெண்டு வண்டி அனுப்பறேனுங்க. புடிச்சிருந்தா மிச்சமும் வரும்" என்றார். மிச்சமும் வந்தால் கடை நிற்கும். வராவிட்டால் எனக்கு மறுபடி விமானம். மாரப்பனுக்கு அதுவும் இல்லை.

பத்து நிமிஷ வைத்தியம்

முதல் வாரமே எங்களுக்குள் வாக்குவாதம். "ஆசிட்ட தண்ணில கலந்து ஒரு வீச்சு வீசுனா பத்து நிமிசத்துல பளபளன்னு ஆயிருங்க. ஊரெல்லாம் அப்படித்தான் பண்றாங்க" என்றார் மாரப்பன். லாரியின் இரும்புச் சக்கரத்துக்கு அது சரி, காரின் அலுமினிய அலாய் வீலுக்கு ஆகாது என்றேன் நான். இரண்டு பேரும் விடவில்லை. கடைசியில் என் சொந்தக் காரின் ஒரு சக்கரத்தைப் பலி கொடுப்பது என்று முடிவாயிற்று.

மத்தியானம் அது நிஜமாகவே கண்ணாடி மாதிரி இருந்தது. மாரப்பன் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சாப்பிடப் போனார். மறுநாள் காலையில் பார்த்தால் சக்கரம் முழுக்கத் திட்டுத் திட்டாக வெள்ளை, விபூதி பூசியதுபோல. தண்ணீர் விட்டார், துணியால் துடைத்தார், எச்சில் தொட்டுக்கூடத் தேய்த்துப் பார்த்தார். பிறகு எழுந்து நின்று தலையைச் சொறிந்தார்.

"கரி போயிருச்சுங்க சார். வீலும் கூடவே போயிருச்சு."

தறியிலிருந்து இறங்கிய துணி

அடுத்த தப்பு முழுக்க என்னுடையது. துடைக்கத் துணி வேண்டும். பக்கத்திலேயே சோமனூர் இருக்கும்போது எதற்கு வெளியூர்த் துணி என்று, ஒரு தறிக்கூடத்திலிருந்து மூட்டை நிறையத் துண்டுத்துணி வாங்கி வந்தேன். புதுத் துணி, வெள்ளை வெளேரென்று. நல்ல யோசனை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அன்று வந்த முதல் காருக்குக் கருப்புச் சக்கரம். கழுவித் துடைத்து வெயிலில் நிறுத்தினால், வட்ட வட்டமாக மெல்லிய கீறல்கள். வண்டிக்காரர் சோமனூரில் விசைத்தறி வைத்திருப்பவர். சத்தம் போடப் போகிறார் என்று நினைத்தேன். அவர் சக்கரத்தை விட்டுவிட்டு என் கையிலிருந்த துணியை வாங்கி, கட்டைவிரலால் இரண்டு முறை நிமிண்டிப் பார்த்தார். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் அறாமல் இருக்கக் கஞ்சி போடுவார்கள் என்பதும், துவைக்காத துணியில் அது முழுசாக இருக்கும் என்பதும் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அந்த மொரமொரப்புத்தான் கீறியிருக்கிறது. மூட்டை முழுவதையும் வெந்நீரில் மூன்று முறை அலசிய பிறகுதான் மறுபடி தொட்டோம். கீறலைப் பாலிஷ் போட்டு எடுத்துக் கொடுத்தேன். வண்டியில் ஏறும்போது தறிக்காரர் சொன்னார்:

"ஏனுங்க, இந்தத் துணில எங்க ஊட்டுக் கொழந்தயத் தொடச்சா ஊரக் கூட்டிப்போடும். வீலு பாவம், வாயில்லா ஜீவன்."

ஈரோட்டு மஞ்சள்

ஈரோட்டிலிருந்து ஒரு மஞ்சள் வியாபாரி, கோவையில் கல்யாணத்துக்குப் போகிற வழியில் வண்டியை விட்டார். மண்டியிலேயே நிற்கும் வண்டி. பிரேக் கரியின் மேல் மஞ்சள் பொடி படிந்து, சக்கரம் புளியோதரை நிறத்தில் இருந்தது. புதிதாக வாங்கிய காரமான சோப்பு நுரையை நான் ஆசையாக அடித்தேன்.

அடித்த மறுநிமிடம் நான்கு சக்கரத்திலிருந்தும் செக்கச்செவேலென்று ஒழுக ஆரம்பித்தது. சிமெண்ட் தரை முழுக்கச் சிவப்பு. மாரப்பன் இரண்டடி பின்னால் போய்விட்டார். மஞ்சளில் காரம் பட்டால் சிவக்கும் என்று பள்ளிக்கூடத்தில் ஒரு தடவை தமிழிலும், பிறகு இன்னொரு தடவை ஆங்கிலத்திலும் படித்தவன் நான். எந்த மொழியிலும் அந்த நேரத்தில் அது ஞாபகம் வரவில்லை. நாற்காலியில் இருந்த வியாபாரி மட்டும் பதறவே இல்லை. முதலில் வெறும் தண்ணீரில் பொடியை அலசிவிட்டுத்தான் மற்றதெல்லாம் என்ற பாடத்தோடு மறுபடி கழுவினோம்.

"வண்டியக் கழுவத்தானுங்க உட்டேன், நீங்க ஆரத்தி கரைச்சுப்போட்டீங்க. செரி, அப்படியே மூணு சுத்துச் சுத்தி, நெத்தியில ஒரு பொட்டும் வெச்சு உடுங்க, கல்யாணத்துக்குத்தான் போறேன்."

பேக்கரிக்காரரின் வேண்டுகோள்

கடைசியில் சரியான மருந்து கிடைத்தது. ஆசிட் இல்லை. ஆறிய சக்கரத்தில், நிழலில் அடித்துவிட்டு நான்கைந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். இரும்புப் பொடி கரைந்து கத்தரிப்பூ நிறத்தில் வழியும். காய்வதற்குள் மெதுவான பிரஷ்ஷால் தேய்த்து அலசினால் போதும். சக்கரத்துக்கு ஒரு கேடும் இல்லை.

கேடு மூக்குக்குத்தான். அழுகிய முட்டை நாற்றம். பக்கத்தில் ஒரு பேக்கரி. மூன்றாம் நாள் அதன் முதலாளி இடுப்பில் கட்டிய துண்டோடு நேரே வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று எழுந்து நின்றேன்.

"சார், முட்ட பப்ஸ் கெட்டுப்போச்சுன்னு மூணு பேரு திருப்பிக் குடுத்துட்டாங்க. அந்த மருந்த அடிக்கறதுக்கு முந்தி ஒரு போன் பண்ணுங்க, தேங்கா பன்ன முன்னாடி எடுத்து வெச்சுக்கறேன்."

இடது முன் சக்கரம்

முறை சரியாகிவிட்டது, நேரம் சரியாகவில்லை. ஒரு வண்டிக்கு முக்கால் மணி ஆயிற்று. "வண்டி ஓடுனாத்தானுங்க டாக்ஸி, நின்னா அது ஊடு" என்று சரோஜா அக்கா போனில் சொன்னார். இனி ஒரு தடவை தாமதமானால் அந்த இரண்டு வண்டியும் வராது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஷெட் பிடித்த வருடம் முடிய இரண்டு மாதம்தான் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை அவருடைய வண்டிகளில் ஒன்று வந்தது. பதினொரு மணிக்கு ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு வால்பாறை போக வேண்டும் என்று டிரைவர் அவசரப்பட்டார். மாரப்பன் தண்ணீரைத் திறக்காமல் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "சார், இங்க வாங்க." முன் சக்கரம் இரண்டும் பின் சக்கரத்தைவிடக் கருப்பாகத்தான் இருக்கும், அது வழக்கம். ஆனால் வலது சக்கரம் சாம்பல் நிறம், இடது அடுப்புக்கரி. கையைப் பக்கத்தில் கொண்டுபோனேன். இடது பக்கம் மட்டும் அனல் அடித்தது. பத்து நாள் முன்னால் இதே சக்கரத்தை நானே கழுவியிருந்தேன். அன்றைக்கும் கொஞ்சம் அதிகக் கருப்பு. வழித்துத் துடைத்துவிட்டுப் பெருமையாக நின்றேனே தவிர, ஏன் என்று கேட்கவில்லை.

"கழுவி உடுங்கண்ணா, டைம் ஆச்சு" என்றார் டிரைவர். "கழுவுனா ஒன்னும் தெரியாதுங்க. அதுக்குத்தான் வேண்டாங்கறேன்" என்றார் மாரப்பன். நான் சரோஜா அக்காவுக்குப் போன் செய்தேன். "வீல் கழுவச் சொன்னா வைத்தியமுங்களா பாக்கறீங்க?" என்று எரிந்து விழுந்தார். ஆனாலும் வால்பாறைக்கு வேறு வண்டியை அனுப்பிவிட்டு, இதை மெக்கானிக்கிடம் விடச் சொன்னார். நாங்கள் இருவரும் அன்று சாப்பிடவே இல்லை.

மெக்கானிக் கழற்றிப் பார்த்தார். பிரேக் இறுகிப்போய் விடாமல் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. உள்ளே சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் பேட் தேய்ந்து வெறும் தகடுதான் மிச்சம். வால்பாறை மலையின் வளைவுகளில் இறங்கும்போது அந்தத் தகடு எதையும் நிறுத்தியிருக்காது. சாயங்காலம் சரோஜா அக்காவே ஸ்கூட்டரில் வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றாமல் நேரே மாரப்பனிடம் போனார்.

"பதினோரு வண்டியும் இனி இங்கதானுங்க வரும். மொதல்ல பாருங்க, அப்பறம் கழுவுங்க. ஆனா அந்த முக்கா மணிய அரை மணியாக்கப் பாருங்க, நான் ஒன்னும் சாமியாரில்லீங்க."

ஆகவே தோழர்களே, ஆசிட்டும் நுரையும் நாற்ற மருந்தும் எல்லாம் பார்த்துவிட்டு நான் கண்டுபிடித்த சிறந்த முறை, கழுவுவதற்கு முன் இரண்டு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்ப்பதுதான், அதை எந்தக் கம்பெனியும் பாட்டிலில் அடைத்து விற்காது என்பது ஒன்றுதான் அதன் குறை.