மாடியில் இருந்தவர்

எங்கள் அம்மாவுக்கு வேலை கிடைத்ததே ஒரு பேயால்தான். எங்கள் ஜனத்துப் பையன்கள் தங்கிப் படிக்க சர்க்கார் திண்டுக்கல்லில் ஒரு ஹாஸ்டல் திறக்க வந்தபோது, ஊருக்குள் ஒருவரும் வீடு தரவில்லை. தெருத்தெருவாக அலைந்த பிறகு, தோல் பதனிடும் ஷாப்புகளைத் தாண்டி ஒரு மாடி வீடு கிடைத்தது. அதில் பேய் இருந்தது. முதலில் வந்த சமையல்காரர் ஒரு வாரத்தில் ஓடிப்போனார். அடுத்தவர் அந்த ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. அப்புறம்தான் அம்மாவைக் கூப்பிட்டார்கள். அப்பா போன பிறகு எங்களுக்குப் பேயைவிடப் பசி பெரிதாக இருந்தது. எட்டு வயதில் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நானும் அந்த வீட்டுக்குப் போனேன்.

வீட்டுக்காரர் பெரிய மனிதர். வாசற்படி ஏறமாட்டார், எங்கள் கையால் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கமாட்டார். தெருவிலேயே நின்று அம்மாவிடம் சொன்னார்.

"மாடிக் கதவுப் பக்கம் யாரும் போகக் கூடாது. அங்க ஒரு துர்மரணம் நடந்திருக்கு. தெனமும் உச்சி வேளைக்கு ஒரு தட்டுச் சோத்தைக் கடைசிப் படியில வச்சுட்டுத் திரும்பிப் பாக்காம வந்துரணும். வைக்காட்டி அது சும்மா இருக்காது."

அம்மா அப்படியே வைத்தாள். சாயங்காலம் தட்டு அதே படியில் கவிழ்த்து வைத்திருக்கும், பருக்கைகூட ஒட்டாமல். அம்மா அதை மட்டும் தனியாகச் சாம்பல் போட்டுத் தேய்த்து, கொதிக்கிற தண்ணீர் ஊற்றிக் கழுவுவாள். பேய்க்கு அப்படித்தான் செய்யவேண்டும் போல என்று நினைத்துக்கொண்டேன். சில மத்தியானங்களில் தலைக்கு மேலே ஏதோ இழுபடும் சத்தம் கேட்கும். ஒரு கால் நடக்கும், இன்னொரு கால் இழுத்துக்கொண்டு பின்னால் வரும். அடுப்படியில் நான் மூச்சை அடக்கி உட்கார்ந்திருப்பேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பாள்.

ஹாஸ்டலில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு பெரிய பையனிடமும் ஒரு சின்னப் பையனை ஒப்படைத்திருந்தார்கள். சோடி என்று பெயர். சின்னவனைப் படிக்க வைப்பது பெரியவன் பொறுப்பு. சின்னவன் மார்க் குறைந்தால் திட்டு பெரியவனுக்கு. ஆயக்குடியிலிருந்து ஆறாம் வகுப்புக்கு வந்த பையன் ஒருவன் இருந்தான். அவனுடைய சோடி ஒட்டன்சத்திரத்து அண்ணன். பாவம், கணக்கு அந்த அண்ணனுக்கே வராது. அரைப் பரீட்சையில் ஆயக்குடிப் பையன் தேறவில்லை. முழுப் பரீட்சையிலும் போனால் ஹாஸ்டல் இடம் போய்விடும் என்று வார்டன் சொல்லிவிட்டார். ஊரில் அவன் அப்பா ஒரு பண்ணைக்காரரிடம் அவனை மாடு மேய்க்க விடுவதாகப் பேசி வைத்திருந்தார்.

ஒருநாள் அம்மாவுக்குக் காய்ச்சல். ஆயக்குடிப் பையனைக் கூப்பிட்டு, "தட்ட மேல வச்சுட்டு வாப்பா" என்றாள். பயத்தில் எல்லாரும் முருகா முருகா என்பார்கள். அவன் வாயில் வந்தது வாய்ப்பாடு. சத்தமாகச் சொல்லியபடி படியேறினான். நான் கீழே தூணைக் கட்டிக்கொண்டு பார்த்தேன்.

"ஏழேழு நாப்பத்தொம்பது... ஏழெட்டு... ஏழெட்டு அம்பத்தி நாலு..."

மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து, தொண்டை கட்டியது போன்ற ஒரு குரல் வந்தது.

"அம்பத்தாறு."

தட்டு உருண்டு என் காலடியில் வந்து விழுந்தது. அவன் அதற்கு முன்பே வந்துவிட்டான்.

மறுநாள் அவன் தானாகவே அம்மாவிடம் வந்து நின்றான். "நானே கொண்டு போறனுங்க." அம்மா தட்டில் சோறு போட்டாள். பிறகு தட்டோடு அவனுடைய சிலேட்டையும் கையில் கொடுத்தாள். ஏன் கொடுத்தாள் என்று எனக்கு விளங்கவில்லை.

தினமும் மத்தியானம் பள்ளிக்கூடத்திலிருந்து சாப்பிட வரும்போது அவன் மேலே போவான். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பின்னாலேயே பாதிப் படி வரை போனேன். கதவு ஒரு சாண் திறந்தது. இருட்டுக்குள்ளிருந்து ஒரு கை வந்தது. முழங்கை வரை வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. விரல் இருக்கவேண்டிய இடத்தில் துணி மொட்டையாக முடிந்திருந்தது. அந்தக் கை சிலேட்டை மெல்ல வெளியே தள்ளியது. சிலேட்டில் போட்டிருந்த கணக்கின் எண்கள் காற்றில் சாய்ந்த சோளத்தட்டை மாதிரி ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. எனக்கு அன்று ராத்திரியே ஜுரம் கண்டது. அவனோ அந்தச் சிலேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கி வந்தான்.

முழுப் பரீட்சையில் கணக்கில் வகுப்புக்கே அவன்தான் முதல். வார்டன் நம்பவில்லை. எல்லார் முன்னாலும் போர்டில் புதுக் கணக்கு எழுதிப் போட்டார். போட்டுக் காட்டினான். ஒட்டன்சத்திரத்து அண்ணன் நல்லவன். "நான் சொல்லிக் குடுக்கலீங்க சார்" என்று கையைக் கட்டிக்கொண்டு சொல்லிவிட்டான்.

"பெறகு யாருடா சொல்லிக் குடுத்தா?"

"மாடியில இருக்கறவருங்க."

அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாள். "வெயில்ல அலஞ்சு பய ஒளர்றான் சார். சோறு ஆறுது, வந்து உக்காருங்க எல்லாரும்." வார்டன் மாடிப்படியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு முதல் ஆளாக வந்து உட்கார்ந்தார்.

கோடை விடுமுறைக்குப் பையன்கள் ஊருக்குப் போனார்கள். அவ்வளவு பெரிய வீட்டில் அம்மாவும் நானும்தான். ஒருநாள் வைத்த சோறு வைத்தபடியே இருந்தது. மறுநாளும் அப்படியே. மேலே கால் இழுபடும் சத்தமும் இல்லை. அம்மா படியில் உட்கார்ந்து கதவைப் பார்த்து, "தம்பி... ஏ தம்பி..." என்று கூப்பிட்டாள். பேயை அம்மா தம்பி என்றது எனக்குச் சிரிப்பாகவும் பயமாகவும் இருந்தது. பிறகு வீட்டுக்காரருக்கு ஆள் அனுப்பினாள்.

கூண்டு வண்டி கொல்லைப்புறம் வந்தது. வீட்டுக்காரரும் வண்டிக்காரரும் பின்பக்கப் படி வழியாக ஏறி, போர்வையில் சுற்றிய ஒன்றைத் தூக்கி வந்தார்கள். கொட்டு இல்லை, சங்கு இல்லை. வண்டி உச்சி வெயிலில் சத்தமில்லாமல் போய்விட்டது.

நான் கல்யாணமாகி முதல் பிள்ளைப்பேற்றுக்கு வந்திருந்தபோதுதான் அம்மா வாய் திறந்தாள். மாடியில் இருந்தவர் வீட்டுக்காரரின் மகன். மதுரையில் காலேஜில் படிக்கும்போது பெருநோய் கண்டிருக்கிறது. வெளியூரில் செத்துப்போனான் என்று ஊருக்குச் சொல்லி, கருமாதியும் முடித்து, மாடியில் ஒளித்து வைத்துவிட்டார்கள். "நம்ம புள்ளைகளுக்கு ஒட்டுனா ஒட்டட்டும்னுதான் வீட்டக் குடுத்தாரு" என்றாள். உனக்கு எப்போது தெரியும் என்று கேட்டேன். "மொத வாரமே தெரியும். பேயி தட்டக் கழுவி வைக்குமாடி?"

அன்று எனக்கு இது எதுவும் தெரியாது. வண்டி போனதும் அம்மா கிணற்றடிக்குப் போய்த் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். என்னையும் இழுத்துத் தலையில் இரண்டு வாளி ஊற்றினாள். அடுப்பு மூட்டவில்லை.

"யாரும்மா செத்துட்டாங்க?"

"யாருமில்ல. போயி வெளையாடு."

பேய் தொலைந்துவிட்டது என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. ஈரப் பாவாடையோடு ஓடி, அதுவரை மிதிக்கப் பயந்த அந்தக் கடைசிப் படி வரை ஏறி ஏறிக் குதித்தேன். கிணற்றடியில் அம்மா தலையைத் துவட்டாமல் உட்கார்ந்திருந்தாள். இவ்வளவு நல்ல நாளில் அம்மா ஏன் சிரிக்கமாட்டேன் என்கிறாள் என்று எனக்குக் கொஞ்சம் கோபமாகக்கூட இருந்தது.