கோழிமேல் சவாரி

சம்பந்தியாகப் போகிறவர் சீனர் என்பதற்காக, நியூஜெர்சியிலிருந்து வரும் விமானத்தில் சீனக் கூரைகளைப் பற்றிப் பரீட்சைக்குப் போகிறவன் போல மனப்பாடம் செய்தவன் நான். அவருக்கு என்னைப் பிடித்தாக வேண்டும்.

கலிஃபோர்னியாவில், மில்பிட்டாஸ் சீன உணவக வாசலில் அவரை நிறுத்திவைத்திருக்கிறேன். பச்சை ஓட்டுக் கூரையின் முனையில் கோழிமேல் உட்கார்ந்த ஒரு குட்டி மனிதர் பொம்மை, பின்னால் மூன்று மிருகப் பொம்மைகள்.

"மிருகம் கூடக் கூடக் கட்டடத்தின் அந்தஸ்து கூடும்," என்கிறேன்.

அவர் ஏதோ சொல்ல வருகிறார். நான் அதற்குள் உச்சியில் வாய்பிளந்திருக்கும் டிராகனுக்குப் போய்விடுகிறேன். "அது கட்டடத்தைத் தீயிலிருந்து காக்கும்."

"இங்கே ஸ்ப்ரிங்க்ளரும் இருக்கிறது," என்கிறார். "சாப்பிடலாமா?"

ஜெயித்துவிட்டேன் என்றே தோன்றுகிறது.

திரும்பும்போது காரில் மகள் சொல்கிறாள்: "அப்பா, அங்கிள் நம்ம கோயில் கோபுரத்தைப் பத்தி ஃபுல்லா ப்ரிப்பேர் பண்ணிட்டு வந்தாராம். நீங்க பேசவே விடலயாம்."