எண்ணெய் என்று நான் சொன்னது

என் சகலனைப் பார்த்து எனக்குப் பொறாமை. இதை வாயால் யாரிடமும் சொல்லியதில்லை. எழுதுவது கொஞ்சம் லேசாக இருக்கிறது.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்த ஆண் பெண்வீட்டுக்குப் போய்விடுவான். மாமி தன் வீட்டு வளவைப் பிரித்து இரண்டு மகள்மாருக்கும் வீடு கட்டிக் கொடுத்தார். ஒன்றில் நான் இருக்கிறேன். மற்றதில் என் மனைவியின் தங்கையும் அவள் கணவரும். அவர் விஞ்ஞான ஆசிரியர். நான் சம்மாந்துறையில் ஓர் அரிசி ஆலையில் நெல் அவிக்கிறவன். இரண்டு வீட்டுக்கும் நடுவில் மதில் கிடையாது. மாமி வந்தால், "மாஸ்டருக்குக் கதிரையப் போடுங்க" என்பார். என்னிடம், "நீங்க படியில இரிங்க மகன், உடுப்பெல்லாம் உமி" என்பார். உமி இருந்தது உண்மைதான். அது என்னைச் சுடவில்லை. சுட்டது மகளின் விஷயம்.

அவள் எட்டாம் வகுப்பு. ஒரு வெள்ளிக்கிழமை என்னோடு ஆலைக்கு வந்து, அவித்த நெல்லைக் கையில் அள்ளிப் பார்த்தாள்.

"வாப்பா, ஏன் உமி வாயைத் திறந்திருக்கு?"

"அவிஞ்சா திறக்கும்."

"ஓம், ஏன் திறக்குது?"

"அது அப்படித்தான் மகள்."

முப்பது வருடமாக அந்தத் திறந்த வாயைப் பார்த்துத்தான் நான் கொதிகலனை நிறுத்துகிறேன். ஏன் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. நான் படித்த ஐந்து வருடமும் ஆசிரியர் சொல்வார், நாங்கள் எல்லோரும் சேர்ந்து திருப்பிச் சொல்வோம். கேள்வி கேட்டவன் தண்டனையாக வாங்குப் பலகையில் ஏறி நிற்பான். பதில் என்றால் கேள்வியை நிறுத்துவதற்கு என்றுதான் அங்கே நான் பழகினேன்.

அன்று பின்னேரம் அவள் பக்கத்து வீட்டுக்குப் போனாள். நான் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டு நின்றேன். அவள் சாச்சா என்று கூப்பிடும் என் சகலன் படம் கீறி விளக்குவது கேட்டது. ஆவி உள்ளே போகிறது, அரிசி வீங்குகிறது, உமி வீங்காது, அதனால் பிளக்கிறது. மூன்று நிமிடம் ஆகியிருக்காது. "ஆ, அதானா" என்று மகள் சொன்னாள். இத்தனை வருடம் என் கையில் இருந்த வேலைக்கு இன்னொருவர் வாயிலிருந்து அர்த்தம் வந்தது. கால் கழுவி முடிந்த பிறகும் நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டே நின்றேன்.

அடுத்த மாதம் பாடசாலையில் விஞ்ஞானக் கண்காட்சி வந்தது. அவள் அவித்த நெல்லைத்தான் எடுத்தாள். என்னிடம் வந்து, "வாப்பா, பச்சையரிசி மில்லில நொறுங்குது, புழுங்கல் ஏன் நொறுங்கல்ல?" என்று கேட்டாள்.

தெரியாது என்றால் அவள் எங்கே போவாள் என்று எனக்குத் தெரியும்.

"நெல்லுக்குள்ள எண்ணெய் இருக்கு மகள். அவிக்கக்குள்ள அது கசிஞ்சு அரிசியைச் சுத்திப் பிடிச்சிக்கும். அதான் உடையா."

சொல்லச் சொல்ல எனக்கே அது உண்மை போல இருந்தது. அவள் கொப்பியில் எழுதினாள். அந்தப் பின்னேரம் அவள் பக்கத்து வீட்டுக்குப் போகவில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷம். இரண்டு நாள் கழித்துத்தான் பயம் வந்தது. எல்லோருக்கும் முன்னால் பிள்ளை வெட்கப்படப் போகிறாளே என்று நினைத்தேன். ஆனாலும் வாய் திறக்கவில்லை.

கண்காட்சி அன்று வெள்ளைச் சேட்டோடு போய் ஓர் ஓரமாக நின்றேன். அவளுடைய அட்டையை எழுத்துக் கூட்டித்தான் வாசித்தேன். "கருதுகோள்: எண்ணெய். கூறியவர்: ஆலைத் தொழிலாளி ஒருவர்." கருதுகோள் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. ஏதோ பெரிய விஷயம் என்று ஒரு நொடி நெஞ்சு நிமிர்ந்தது. அதன் கீழே இரண்டு வெள்ளைத் தாள்கள். ஒன்றில் துருவிய தேங்காய்ப்பூவை நசுக்கியிருந்தாள், எண்ணெய் ஊறியிருந்தது. மற்றதில் புழுங்கலரிசியை நசுக்கியிருந்தாள், ஒரு பொட்டும் இல்லை. "ஆகவே இது பிழை" என்று சிவப்பில் எழுதியிருந்தாள். பிறகு அரிசி மாவைக் காய்ச்சிக் கூழாக்கி, அந்தக் கூழாலேயே தாள்களை அட்டையில் ஒட்டியிருந்தாள். அவிக்கும்போது அரிசிக்குள் மாவு இப்படிக் கூழாகி வெடிப்புகளை ஒட்டிவிடுகிறது, அதனால்தான் உடைவதில்லை என்று விளக்கினாள்.

நடுவராக வந்த டீச்சர் அந்தச் சிவப்பு எழுத்தில் விரலை வைத்தார். "இதுதான் நல்ல இடம். சொன்னவர் யாரு?"

மகள் என்னைக் காட்டினாள்.

"நீங்க ஏன் அப்படி நினைச்சீங்க?"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. எனக்குக் காது சுட்டது. "நினைக்கல்ல டீச்சர். தெரியா எண்டு சொல்ல வெட்கத்தில சொன்னது."

எல்லோரும் சிரித்தார்கள். மகள் சிரிக்கவில்லை. கண்ணை எடுக்காமல் என்னையே பார்த்தாள்.

மோட்டார் சைக்கிளில் திரும்பும்போது பின்னாலிருந்து, "சாச்சாவும் முதல்ல எண்ணெயா இருக்கும் எண்டுதான் சொன்னாரு வாப்பா" என்றாள்.

"சாச்சாட்டயும் போனயா?"

"ஓம். அவருக்கும் சரியாத் தெரியல்ல. சோதிச்சுப் பாரு எண்டாரு."

அவரும் அவளிடம் தோற்றுத்தான் நிற்கிறார். எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். ஆனால் தெரியாததை அவர் எவ்வளவு லேசாகச் சொல்லியிருக்கிறார் என்பதுதான் மனதில் நின்றது. தெரியாது என்ற அந்த ஒரு சொல்லுக்கும் எனக்குப் பொறாமை வந்தது.

வீடு வந்ததும் அவள் அட்டையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். வேறு நாளென்றால் நான் கிணற்றடிக்குப் போயிருப்பேன். அன்று அவள் பின்னாலேயே போனேன். "வாங்க காக்கா" என்று அண்ணன் முறை சொல்லிச் சகலன் கதிரையை இழுத்துப் போட்டார். நான் சமாதானத்துக்குப் போகவில்லை. நான் இல்லாதபோது அவர்கள் இருவரும் என்ன கதைக்கிறார்கள் என்று கேட்காமல் என்னால் இருக்க முடியவில்லை. மகள் அடுத்த கேள்வியைத் தொடங்கினாள். நான் கதிரையை இன்னும் கொஞ்சம் கிட்ட இழுத்தேன்.